மணிக்கும் அப்பளத்துக்கும் நடுவே

ரோட்டரி சங்கத்தின் முதல் கூட்டம் ஒரு மைனிங் என்ஜினியரின் அறையில் நடந்தது. 1905 பிப்ரவரி 23, சிகாகோ, யூனிட்டி கட்டடம், 711-ஆம் எண் அறை. அறைக்காரர் பெயர் கஸ்டாவஸ் லோர். கூட்டியவர் பால் ஹாரிஸ் என்ற வக்கீல். மற்ற இருவரில் சில்வெஸ்டர் ஷீல் நிலக்கரி வியாபாரி, ஹைரம் ஷோரி தையற்காரர். ஆக, நான்கு பேரில் இரண்டு பேருக்குச் சோறு மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. இதை எங்கள் கோலார் தங்கவயலின் (கேஜிஎப்) சாம்பியன் ரீப்ஸில் பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "எந்த மைன்ஸ் சார் அவரு?" எங்கள் ஊரில் ஆளை விசாரிக்கும் முறை அது. சாம்பியனா, மைசூர் மைன்ஸா, நந்திதுர்க்கமா என்று தெரிந்தால்தான் அடுத்த பேச்சு.

அன்றைக்குக் கூட்டத்துக்குப் போகும் முன் ஹாரிஸும் ஷீலும் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்பது கதையின் இன்னொரு பகுதி. சாப்பாடு முதலில், சங்கம் பிறகு. உலகமெங்கும் கிளைவிட்ட பின்னும் அந்த வரிசை மாறவில்லை. 1920-ல் கல்கத்தாவுக்கும் 1929-ல் சென்னைக்கும் ரோட்டரி வந்தது. அதன் மதிய உணவுக் கூட்டம் என்ற சடங்கும் கூடவே வந்தது. வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு மேசை, கொஞ்சம் பேச்சு, நிறையக் கேலி. இந்தக் கேலியைப் பலர் ஊறுகாய் என்று நினைக்கிறார்கள். எனக்கென்னவோ இலையில் விழுந்த சோறே அதுதான் என்று படுகிறது.

எங்கள் பக்கத்தில் வார நாளில் மதியக் கூட்டம் வைப்பதே ஒரு துணிச்சல். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட பிறகு, விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறார்கள். நடுப்பகலில் ஊரில் இருப்பவர்கள் யார்? டாக்டர்கள், கடைக்காரர்கள், பள்ளிக்கூடத்து ஆட்கள், பெமல் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள், சுரங்கத்தில் அதிகாரியாக இருந்து இங்கேயே தங்கிவிட்ட சிலர். ராபர்ட்சன்பேட்டையில் இப்படி ஒரு கூட்டத்துக்கு விருந்தாளியாகப் போனால், மேசையைச் சுற்றியிருக்கும் தலைகளின் நரையைப் பார்த்தே அந்த ரயிலின் நீளத்தைச் சொல்லிவிடலாம்.

முதலில் மணி. தலைவர் முன்னால் ஒரு சின்னப் பித்தளை மணி, பக்கத்தில் மரச் சுத்தியல். சுரங்கம் ஓடிய காலத்தில் இந்த ஊருக்கு நேரம் சொன்னது சங்கு. ஷிப்டுக்குச் சங்கு, விபத்துக்குச் சங்கு. அது ஊதினால் வயிற்றில் புளி கரைத்த வீடுகள் எத்தனையோ. அப்படிப்பட்ட ஊரில், ஒருவர் எழுந்து நின்று கட்டைவிரல் அளவு சுத்தியலால் 'டிங்' என்று தட்ட, முப்பது பெரிய மனிதர்கள் பேச்சை நிறுத்துவது கண்கொள்ளாக் காட்சி. அதே கை இரண்டாம் முறை தட்டினால் கூட்டம் முடிந்தது. தொடங்கும் தட்டில் கொஞ்சம் அதிகாரம் இருக்கும். முடிக்கும் தட்டில் மன்னிப்புக் கேட்கும் தொனி இருக்கும், ஏனென்றால் எப்போதும் பத்து நிமிடம் தாமதம்.

அடுத்து, எழுந்து நின்று நான்கு கேள்விகளைச் சேர்ந்து சொல்கிறார்கள். நாம் நினைப்பதும் பேசுவதும் செய்வதும் உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நல்லெண்ணம் வளர்க்குமா, எல்லோருக்கும் பயன் தருமா என்பவை அந்தக் கேள்விகள். கேட்பவருக்கு ஏதோ மடத்தில் பிறந்தது போலத் தோன்றும். உண்மையில் பிறந்தது சமையல் பாத்திரக் கம்பெனியில். 1932-ல் கடனில் மூழ்கிக்கொண்டிருந்த சிகாகோ அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த ஹெர்பர்ட் டெய்லர் என்பவர் தன் ஆட்களுக்காக எழுதியது அது. 1943-ல்தான் ரோட்டரி அதை எடுத்துக்கொண்டது. பின்மேசையில் சாம்பார் அலுமினியக் குண்டானில் காத்திருக்க, முன்மேசையில் அந்த நாலு கேள்வி ஒலிப்பது பொருத்தமான ஏற்பாடு. மூன்றாவது கேள்வி வரும்போது சிலர் கண்கள் குண்டான் பக்கம் நகர்வதையும் பார்த்திருக்கிறேன்.

சாப்பாடும் கூட்டமும் ஒன்றாக நடப்பதில்தான் இந்தக் கலையின் சூட்சுமம். காதுக்கு ஒரு வேலை, வாய்க்கு ஒரு வேலை. செயலாளர் அறிக்கை படிக்கிறார்: கண் பரிசோதனை முகாம், பள்ளிக்குக் குடிநீர் வடிகட்டி, ரத்த தானம். கரண்டிகள் நடந்துகொண்டிருக்கின்றன. நடுவே இரங்கல் செய்தி ஒன்று வருகிறது. கையில் எடுத்த அப்பளம் கையிலேயே நிற்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை, எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. பத்து நொடி ஒருவரும் அப்பளத்தை நொறுக்குவதில்லை. பிறகு எங்கோ ஒரு மூலையில் ஒரு சின்ன 'மொறுக்'. அதைத் தொடர்ந்து மேசை முழுக்க உயிர் வருகிறது. சிறப்புப் பேச்சாளரின் தரத்தை அளக்கவும் இதுவே கருவி. பேச்சு பிடித்திருந்தால் அப்பளம் மெத்துப்போகும் வரை தட்டில் கிடக்கும். பிடிக்கவில்லை என்றால் மொறுமொறுப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். பேசுகிறவர் இதை அறியாமல் மைக்கைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

இனி அபராதம். கூட்டத்தின் கிரீடம் இதுதான். ரோட்டரியில் இந்த வேலை சார்ஜென்ட்-அட்-ஆர்ம்ஸ் என்ற காவல்காரருக்கு. காக்கிச் சட்டை இல்லை, ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் உண்டு. வாரம் முழுக்க மற்றவர்களின் வாழ்க்கையை அதில் குறித்துவைத்திருப்பார். ஒருவர் படம் பேப்பரில் வந்தது, அபராதம். ஒருவர் புது ஸ்கூட்டர் வாங்கினார், அதைச் சங்கத்தில் சொல்லவில்லை, இரட்டை அபராதம். கோட்டில் சங்கச் சின்னப் பின் குத்தாமல் வந்தவர், போன் அலறவிட்டவர், கல்யாண நாளை மறந்தவர், மறக்காமல் மனைவிக்குச் சேலை வாங்கிக் கொடுத்து மற்ற கணவர்களைச் சங்கடத்தில் மாட்டியவர், எல்லோருக்கும் அபராதம். பல் டாக்டர் முறுக்கைத் தவிர்த்தால், தன் தொழிலில் தனக்கே நம்பிக்கை இல்லை என்று ஐம்பது ரூபாய்.

நான் இருந்த கூட்டம் ஒன்றில் நகைக்கடைக்காரருக்கு அபராதம் விழுந்தது. குற்றம், தங்கம் விலை ஏறியது. "நானா சார் ஏத்தினேன்?" என்று அவர் கையை விரித்தார். அதற்குள் ஓய்வு பெற்ற மைன்ஸ் அதிகாரி ஒருவர் மேசையின் மறுகோடியிலிருந்து, "நாங்க தோண்டின வரைக்கும் விலை ஏறலை. மூடிட்டுப் பாருங்க, எப்படி ஏறுதுன்னு" என்றார். மேசை குலுங்கியது. தோண்டுகிற செலவுக்குக் கிடைக்கிற தங்கம் கட்டுப்படியாகவில்லை என்றுதான் சுரங்கத்தைப் பூட்டினார்கள். உலகச் சந்தையில் தங்கம் பல ஆண்டுகளில் காணாத மலிவில் கிடந்த சமயம் அது. பூட்டிய பிறகு விலை ஏணி போட்டு ஏறியது. இந்த ஊரின் பெரிய துக்கத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவர் ரசத்துக்குக் கை நீட்டினார். காவல்காரர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதையே போன மாசமும் சொன்னீங்க. பழைய ஜோக்குக்கு நூறு ரூபாய்" என்றார். சிரித்தவர்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதற்காகத் துடைத்தார்கள் என்று கேட்பது நாகரிகமில்லை.

இந்த விளையாட்டைச் சட்டமாகவே எழுதிவைத்தவர்கள் லயன்ஸ்காரர்கள். அந்தச் சங்கமும் சிகாகோவில்தான் தொடங்கியது. மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ்காரர் 1917-ல் தொடங்கினார். அங்கே அபராதம் போடுபவருக்குப் பட்டம் டெயில் ட்விஸ்டர். சிங்கத்தின் வாலை முறுக்குகிறவர். அவருடைய தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. ஆனால் ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் அபராதம் போடக்கூடாது, தொகையும் நிர்வாகக் குழு வைத்த வரம்பைத் தாண்டக்கூடாது. அவருக்கே அபராதம் போடவேண்டுமானால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். பெரிய பெரிய நாடுகளின் அரசியல் சாசனத்தில்கூட அதிகாரத்தின் அளவை இவ்வளவு அழகாக வெட்டித் தைத்ததில்லை. கொடுங்கோலன் வேண்டும், ஆனால் அவன் கையில் சில்லறைக் காசு மட்டுமே இருக்கவேண்டும். கவிழ்க்கவும் வழி வேண்டும், ஆனால் ஒருவர் தலையசைக்காவிட்டாலும் அது நடக்கக்கூடாது. சிரிப்பை இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஆரம்பகாலச் சிகாகோ ரோட்டரியில் இன்னொரு அபராதமும் இருந்தது. சக உறுப்பினரை 'மிஸ்டர்' போட்டு அழைத்தால் காசு கட்டவேண்டும். முதற்பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அது இங்கே வந்து தலைகீழாகிவிட்டது. நம்மவர்கள் பெயருக்கு முன் மிஸ்டரை எடுத்துவிட்டு 'ரொட்டேரியன்' போட்டார்கள். டாக்டராக இருந்தால் 'ரொட்டேரியன் டாக்டர்', முன்னாள் தலைவராக இருந்தால் அதையும் சேர்த்து, முடிவில் 'அவர்கள்'. பெயர் வந்து சேர்வதற்குள் சாதம் ஆறிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மரியாதையை உரித்தெடுத்தால் நமக்குக் குளிரும். மரியாதையை வைத்துக்கொண்டே கேலி செய்வது நம் ஊர்ப் பாணி. "பிரசிடென்ட் சார், தாங்கள் தயவுசெய்து இருநூறு ரூபாய் எடுத்து வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்" என்பதில் இருக்கிற சுகம் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில் கிடைக்காது.

பாட்டும் இந்தச் சடங்கின் பழைய உறுப்பு. ஹாரி ரகிள்ஸ் என்ற சிகாகோ அச்சகக்காரர்தான் அதற்குக் காரணம். பேச்சாளர் ஒருவர் முகம் சுளிக்கவைக்கும் கதை ஒன்றைத் தொடங்கப்போக, இவர் துள்ளி எழுந்து எல்லோரையும் பாடவைத்து அவர் வாயை அடைத்தாராம். எங்கள் பக்கம் அந்த வேலையைத் தயிர்சாதம் செய்கிறது. "சார், தயிர்சாதம் வந்துடுச்சு" என்றால் எப்பேர்ப்பட்ட பேச்சும் அடங்கிவிடும்.

பேச்சாளருக்கு இருபது நிமிடம் என்பார்கள். அவரை அறிமுகப்படுத்துகிறவர் அதில் பாதியைத் தின்றுவிடுவார். ஆனால் சாம்பியன் ரீப்ஸ் பக்கத்தில் பேச்சுக்குப் பொருள் பஞ்சம் இல்லை. 1965-ல் இங்கே ஹீத்கோட் ஷாப்டின் அடியில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தார்கள். எதையும் துளைத்துக்கொண்டு போகும் அந்தத் துகளைப் பற்றி ஒரு பேராசிரியர் விளக்கி முடித்ததும் ஹார்டுவேர் கடைக்காரர் கையைத் தூக்குவார்: "கிலோ என்ன விலை சார்?" அபராதம். அன்றைக்கு நியூட்ரினோ எல்லோருக்கும் புரிந்திருக்காது, ஆனால் வீட்டுக்குப் போய் யாரும் அதை மறக்கமாட்டார்கள்.

ரசித்துக்கொண்டே போனாலும் ஒரு நாற்காலி கண்ணை உறுத்துகிறது. இல்லாத நாற்காலி. ரோட்டரியின் பழைய விதி, ஒரு தொழிலுக்கு ஒருவர். போட்டிக் கடைக்காரர் எதிரில் இல்லாததால் மனம்விட்டுச் சிரிக்க முடிந்தது என்பது அதன் நயம். பின்னாளில் அந்த விதி தளர்ந்தது. பெண்களுக்குக் கதவு திறக்க 1989 வரை ஆயிற்று. ஆனால் அந்தத் தொழில் பட்டியலில் மைனிங் என்ஜினியருக்கு முதல் நாளே இடம் இருந்தது. பாறையில் துளை போட்டவனுக்கு இல்லை. இந்த ஊரின் கேஜிஎப் கிளப்பும் வெள்ளைக்காரத் துரைமாருக்கென்று எழுந்ததுதான். தட்டி வீட்டு லைனில் வாழ்ந்த தொழிலாளர்களின் மதிய உணவு எங்கே நடந்தது? சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழம். அந்த அடிமட்டத்தில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். அங்கே தூக்குப் பாத்திரத்தைத் திறந்து வட்டமாக உட்கார்ந்தவர்களும் சும்மா சாப்பிடவில்லை என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டப்பெயர், மேஸ்திரியைப் போல நடித்துக் காட்ட ஒருவன், புது மாப்பிள்ளையின் தூக்கில் என்ன இருக்கிறது என்று சோதனை போட ஒருவன். அவன் கண்டுபிடித்த கருவாட்டுத் துண்டுதான் அபராதம், அப்போதே வசூலாகிவிடும். அந்தக் கூட்டத்துக்கு மணியும் இல்லை, செயலாளர் குறிப்பேடும் இல்லை. இருந்திருந்தால் நான் முதலில் அதைத்தான் படிப்பேன்.

வருகைப் பதிவைப் பற்றிச் சொல்லாவிட்டால் பழைய உறுப்பினர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரு வாரம் வரமுடியாமல் போனால், போகிற ஊரில் எந்தச் சங்கத்தின் கூட்டத்திலாவது உட்கார்ந்து கணக்கைச் சரிக்கட்டலாம். அதற்கு மேக்-அப் என்று பெயர். மகள் வீட்டுக்கு வேலூர் போனவர் பேரனைக் கொஞ்சிவிட்டு, முன்பின் தெரியாத முப்பது பேரோடு சாப்பிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைப்பார். 2016-ல் உலக அமைப்பு விதியைத் தளர்த்தி, மாதம் இரண்டு கூட்டம் போதும் என்றது. பல சங்கங்கள் மூச்சுவிட்டன. வாரந்தோறும் கூடியே தீருவோம் என்று பிடிவாதமாக இருப்பவர்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். பதினைந்து நாள் இடைவெளியில் கேலி ஆறிப்போகும்.

அபராதக் காசு எங்கே போகிறது என்றால், நோட்டுப் புத்தகத்துக்கும் முகாமுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் போகிறது. 1985-ல் ரோட்டரி போலியோவை ஒழிக்க இறங்கியபோது உலகமெங்கும் திரட்டிய பணத்தில் இப்படிப்பட்ட சில்லறையும் சேர்ந்தே இருந்திருக்கும். இந்தியாவில் இயற்கை வகைப் போலியோ வைரஸின் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரி 13-இல்.

பெட்டி மேசையைச் சுற்றி வந்து முடியும்போது பொருளாளர் எண்ண ஆரம்பிக்கிறார். அபராதம் கட்டியவர்கள் எல்லாம் கலகலப்பாக எழுந்து கை கழுவப் போகிறார்கள். ஒருவர் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருக்கிறார். காவல்காரர் பக்கத்தில் போய், "என்ன சார், சாப்பாடு சரியில்லையா?" என்கிறார்.

"இன்னா சார், மூணு வாரமா என் பேரே வரல. நான் என்ன அவ்ளோ நல்லவனா?"

நோட்டு மறுபடி திறக்கிறது. சங்க அதிகாரியை வேலை நேரத்துக்குப் பின் தொந்தரவு செய்ததற்கு ஐம்பது ரூபாய்.