சாயம் குடித்த கண்ணாடி

வெள்ளை பெயிண்டிலும் பற்பசையிலும் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அதைச் சில நானோமீட்டர் அளவுத் துகள்களாக்கி, கண்ணாடிமேல் பூசிச் சுட்டெடுத்தால் கதையே வேறு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இடையே நுண்துளைகள் விட்டு நிற்கும். சிவப்புச் சாயத்தில் ஊறப்போட்டால் சாயம் துளைதோறும் ஏறி, வெளுத்த தகடு மெல்லச் சிவக்கும். பூச்சின் தடிமன் 10 மைக்ரோமீட்டர்தான். உள்ளே விரிந்திருக்கும் பரப்போ கண்ணாடியைப் போலப் பல நூறு மடங்கு! ஒளி பட்டதும் சாயம் எலெக்ட்ரானை விடும். துகள்கள் கைமாற்றிக் கடத்தும்.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரேட்ஸலும் 1991இல் இந்தச் சூரிய மின்கலத்தை அறிவித்தபோது அதன் திறன் 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சிலிக்கான் மின்கலத்தை இது விரட்டவில்லை. ஆனாலும் அழகில் என் ஓட்டு இதற்கே. லோசான் போனால் சுவிஸ்டெக் மாநாட்டு மையத்தின் முகப்பைப் பாருங்கள். அங்கே பதித்த வண்ணக் கண்ணாடிகளும் இவ்வகையே; மின்சாரம் தருபவை.