‘அமலோற்பவம்’: மரியாளின் தூய்மை பற்றிய ஒரு சொல்லாய்வு

இயேசுவின் தாயைக் குறித்து ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை அறிக்கையிடும் கொள்கைகளுள், நம் போதகர்கள் மிகுதியாய் மறுப்பதும் மிகக் குறைவாய் அறிந்திருப்பதும் அமலோற்பவக் கொள்கையே எனலாம். இயேசு கன்னிகையின் வயிற்றில் உற்பவித்ததையே இச்சொல் குறிக்கிறதென்று எண்ணிப் பேசுவோர் நம்மிடையே உண்டு. கன்னிப் பிறப்பை நாமும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோம்; அதைப்பற்றி இரு சபைகளுக்குமிடையே வழக்கில்லை. அமலோற்பவம் என்பதோ மரியாள் தம் தாயின் வயிற்றில் உற்பவித்த நிலையைப் பற்றியது. இவ்வேறுபாட்டை அறியாது செய்யப்படும் மறுப்பு, மறுக்கப்படும் கொள்கையைத் தொடுவதேயில்லை.

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் ஊழியம் செய்வோருக்கு இது ஏட்டளவான செய்தியன்று. 1737-இல் சர்த்தோரியுஸ், கைஸ்டர் என்னும் இரு லுத்தரன் அருட்பணியாளர் கடலூரில் பணி தொடங்கினர். இன்று ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் அந்நகரிலேயே உள்ளது. அதே நகரின் பெயரை 1953 முதல் புதுச்சேரி–கடலூர் உயர் மறைமாவட்டமும் தாங்கி நிற்கிறது. ஒரே குடும்பத்தில் மாமன் ஒரு சபையிலும் மருமகள் மற்றொரு சபையிலும் இருக்கக்கூடிய பகுதி இது. ஆகவே கொள்கை கூறுவது யாது, அதனைத் தாங்கும் தமிழ்ச் சொல் கூறுவது யாது, நம் மறுப்பு நிற்கவேண்டிய இடம் யாது என்பவற்றை முறையே நோக்குவோம்.

1. கொள்கை கூறுவது

1854 டிசம்பர் 8-ஆம் நாள் போப்பரசர் ஒன்பதாம் பயஸ் வெளியிட்ட வரையறை மூன்று கூறுகளை உடையது. மரியாள் உற்பவித்த முதற் கணத்திலிருந்தே ஜென்மப் பாவத்தின் கறை படாது காக்கப்பட்டார் என்பது முதற் கூறு. இது தேவன் தனிப்பட அளித்த கிருபையினாலும் சலுகையினாலும் ஆயிற்று என்பது இரண்டாவது. மனுக்குலத்தின் இரட்சகராகிய இயேசு கிறிஸ்துவின் புண்ணியப் பேறுகளை முன்னிட்டே ஆயிற்று என்பது மூன்றாவது. கொள்கை முழுவதும் இம்மூன்றாம் கூற்றின்மேல்தான் சுழல்கிறது.

இக்கூறு எளிதில் வந்ததன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்து இவ்வுற்பவத் திருவிழாவையே எதிர்த்து எழுதினார். தாமஸ் அக்குவினாஸ், மரியாள் கருவிலேயே பரிசுத்தமாக்கப்பட்டார் என்று ஒப்பியும், பாவக் கறையே அவரை அணுகவில்லை என்பதை ஒப்பவில்லை. அப்படியாயின் கிறிஸ்து அவருக்கு இரட்சகராய் இராரே என்பது அவரது தடை. தன்ஸ் ஸ்கோத்துஸ் என்பவரே இதற்கு விடை கூறினார். கொள்ளிடத்து வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவனைக் கரையேற்றுவதும் காப்பாற்றுதலே. வெள்ளம் வருமுன் ஒருவனை மேட்டில் ஏற்றி வைப்பதும் காப்பாற்றுதலே, அதிலும் மேலான காப்பாற்றுதல். அவ்வாறே மரியாளும் கிறிஸ்துவால் மீட்கப்பட்டவர். நம்மைப்போலன்றி, விழுமுன் தடுத்து மீட்கப்பட்டவர். சுருங்கக் கூறின், மரியாளுக்கு மீட்பர் தேவையில்லை என்று ரோமச் சபை கூறவில்லை. அப்படிக் கூறுகிறதென்று நம் பிரசங்கபீடங்களிலிருந்து சாதிப்பது பொய்ச்சாட்சி விலக்கிய கற்பனைக்கு மாறானது.

2. சொல் கூறுவது

இக்கொள்கை தமிழில் ‘அமலோற்பவம்’ என்ற பெயரோடு வழங்குகிறது. அமலம் என்பது மலமற்றது. உற்பவம் என்பது கருவாதல். கறையற்றது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லுக்கு நேராக வைக்கப்பட்ட இவ்வடசொற்றொடரில் அகராதிப்படி குற்றமில்லை. கத்தோலிக்க மக்கள் இதனைத் தம் பிள்ளைகளுக்குப் பெயராகவும் இட்டு வருகின்றனர். இந்திய வழிபாட்டுப் புதுமைக்கு முன்னின்றுழைத்த இறையியலறிஞர் அமலோற்பவதாஸ் அவர்களின் பெயரிலேயே இச்சொல் இருந்தது.

ஆயினும் தமிழ்நாட்டில் மலம் என்பது வெறும் அகராதிச் சொல்லன்று. கடலூரிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர் தொலைவிற்குள் தில்லை இருக்கிறது. சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் எட்டினை இயற்றிய உமாபதி சிவாசாரியார் வாழ்ந்தது சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில். அவருடைய திருவருட்பயனின் மூன்றாம் அதிகாரம் இருள்மல நிலையைப் பற்றியது. அதனை அடுத்துவருவது அருளது நிலை. மலம் இன்னதென்று அறிந்தாலன்றி அருள் இன்னதென்று அறிய இயலாது என்னும் முறைவைப்பு அதில் விளங்குகிறது.

இம்மரபில் வளர்ந்த செவி ‘அமல’ என்பதை எவ்வாறு கேட்கும்? ஆணவ மலம் அநாதியானது. செம்பில் களிம்பும் நெல்லில் உமியும் போல உயிரோடு உடனாய் நிற்பது. ஆதாமின் வீழ்ச்சி போன்றதொரு தொடக்கம் அதற்கில்லை. ஒரு மலமே உடைய உயர்நிலை உயிர்களாகிய விஞ்ஞானகலருக்கும் அந்த ஒன்று ஆணவமே. இயல்பாகவே பாசங்களின் நீங்கியிருத்தல் இறைவனுக்குரிய எண்குணங்களுள் ஒன்று. ஆகவே உற்பவத்திலேயே அமலமான ஒருவரைப் பற்றிச் சிதம்பரத்துச் சைவர் ஒருவரிடம் கூறினால், அவர் பசுவர்க்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணை நினையார். பதியையோ பதியின் சத்தியையோதான் நினைப்பார்.

சைவரைப் பற்றி மட்டும் இவ்வாறு கூறுவானேன்? நம் கீர்த்தனைகளிலும் அமலன், நிமலன், விமலன் என்பன தேவனுக்கும் கிறிஸ்துவுக்கும் உரிய விளிகளாகவே வழங்குகின்றன. தமிழ்ச் செவி, அது எச்சபையைச் சேர்ந்ததாயினும், இச்சொல்லைக் கடவுளுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது.

இங்கேதான் கொள்கையும் சொல்லும் பிரிகின்றன. 1854-ஆம் ஆண்டின் வரையறை ஒரு செயப்பாட்டு வினையால் நிற்கிறது: மரியாள் காக்கப்பட்டார். ‘அமலோற்பவம்’ என்னும் தொகையிலோ வினை மறைந்துவிட்டது, காத்தவரும் மறைந்தார், யாரை முன்னிட்டுக் காத்தாரோ அவரும் மறைந்தார். எஞ்சுவது ஓர் இயல்பு மாத்திரமே. கிருபையைப் பற்றிய கூற்று, இயல்பைப் பற்றிய கூற்றாகத் தமிழில் மாறிவிடுகிறது.

லூக்கா 1:28-இல் தேவதூதன் மரியாளை அழைக்கும் கிரேக்கச் சொல்லும் செயப்பாட்டு வடிவமே என்பது கவனிக்கற்பாலது. நமது பழைய மொழிபெயர்ப்பில் உள்ள ‘கிருபை பெற்றவள்’ அவ்வடிவத்தைக் காத்தது. கத்தோலிக்க செபத்தின் ‘அருள் நிறைந்த’ என்னும் அடைமொழி லத்தீனைத் தழுவி, நிறைவை முன்வைத்துப் பெறுதலைப் பின்வைத்தது. இரு சபையாரும் இணைந்து உருவாக்கி 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘அருள்மிகப் பெற்றவர்’ என்று மொழிபெயர்த்திருப்பது, பெறுதலுக்கு மீண்டும் இடமளித்த நற்செயலாகும்.

3. பெயர்களும் அவற்றின் பாரமும்

இது ஒரு சொல்லோடு நிற்பதன்று. 1791-இல் கட்டி முடிக்கப்பட்ட புதுச்சேரிப் பேராலயம் அமலோற்பவ அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. மக்கள் வழக்கில் அது ஜென்மராக்கினி மாதா கோயில். ராக்கினி என்பது அரசி. ஜென்மப் பாவம் என்னும் தொடரோடு சேர்த்துப் பொருள் கொண்டாலன்றி, பிறப்பிலேயே அரசி என்ற பொருளே இதில் தோன்றும்.

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையின் திருத்தலம் உள்ளது. வீரமாமுனிவர் எழுப்பியதாகப் போற்றப்படும் அத்தலத்தில் மரியாளின் உருவம் சேலை உடுத்தி நிற்கிறது. விருத்தாசலத்துச் சிவன் கோயிலின் அம்மைக்கும் பெரியநாயகி என்னும் பெயருண்டு. தமிழ்ப் பெண்ணாக மரியாளைக் கண்ட அன்பைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அயல்நாட்டு உடையில் நம் சபைகள் நெடுங்காலம் வழிபட்டதை நினைத்தால் நாணமே மிகும். வீரமாமுனிவர் லுத்தரன் சபையாரைக் கடுமையாய்த் தாக்கி நூல்கள் எழுதியவர் என்பதும் இம்மதிப்பைக் குறைக்கலாகாது. எனினும் சேலை வேறு, பெயர் வேறு. சேலை மரியாளை நம் ஊர்ப் பெண்களோடு சேர்க்கிறது. ‘பெரியநாயகி’ என்னும் பெயரோ அவரை அம்மையின் ஆசனத்தருகே கொண்டுபோய் வைக்கிறது. ஒரே திருவுருவத்தில் இவ்விரு இயக்கங்களும் எதிரெதிராய்ச் செயற்படுகின்றன.

இத்தகைய சொல்லாய்வு காழ்ப்பினால் எழுவதென்று கத்தோலிக்க நண்பர்கள் கருதவேண்டியதில்லை. ரோமச் சபையே தன் சொற்களை நிறுத்துப் பார்க்கிறது. 2025 நவம்பரில் வத்திக்கான் வெளியிட்ட கோட்பாட்டுக் குறிப்பு, மரியாளை ‘இணை மீட்பர்’ என்று அழைப்பது பொருத்தமன்று என்றும், அது கிறிஸ்துவின் தனித்த மத்தியஸ்தத்தை மறைக்கக்கூடும் என்றும் கூறியது. கிறிஸ்துவை மறைக்கும் சொல் தகாதென்பது ரோமில் ஏற்கப்பட்டால், தமிழிலும் அவ்வளவுகோல் செல்லத்தக்கதே.

4. நம் மறுப்பு நிற்குமிடம்

சொல்லைத் திருத்திவிட்டால் கொள்கையை ஏற்கலாமோ எனின், அன்று. மெய்யான வேறுபாடு இரண்டு உண்டு.

முதலாவது அதிகாரத்தைப் பற்றியது. மரியாளின் உற்பவத்தைக் குறித்து வேதாகமம் யாதொன்றும் கூறவில்லை. பக்தியுள்ள ஒருவர் அதனைத் தனிக்கருத்தாய்க் கொள்வது ஒன்று. விசுவாசிகள் அனைவர் மனச்சாட்சியையும் கட்டும் சத்தியமாய் விதிப்பது மற்றொன்று. ஆங்கிலிக்கன்–ரோமன் கத்தோலிக்க ஆணையம் 2005-இல் மரியாளைக் குறித்து வெளியிட்ட அறிக்கை இரு சபைகளையும் வெகுவாய் நெருங்கச் செய்தது. எனினும் இக்கேள்வி தீர்ந்தபாடில்லை.

இரண்டாவது கிருபையின் தன்மையைப் பற்றியது, இதுவே ஆழமானது. கத்தோலிக்க இறையியலறிஞர்கள் கூறும் வலிமையான வாதம் ஒன்றுண்டு: மரியாள் யாதொரு நற்செயலும் செய்யுமுன், உற்பவித்த கணத்திலேயே கிருபை அவரை முந்திக்கொண்டது, ஆகையால் கிருபையினால் மாத்திரமே என்னும் உங்கள் முழக்கத்திற்கு இதனினும் தெளிவான சான்று யாது? இவ்வாதத்தை நாம் எளிதாய்த் தள்ளிவிடலாகாது. 1999-இல் நீதிமானாக்கப்படுதல் பற்றி லுத்தரன், கத்தோலிக்கச் சபைகள் கூட்டாய் அறிக்கை செய்தபின், இது இன்னும் கவனத்திற்குரியது.

ஆயினும் லூக்கா காட்டும் கிருபை எங்கே இறங்குகிறது? தேவன் தம் அடிமையின் தாழ்மையை நோக்கிப் பார்த்தார் என்று மரியாள் பாடுகிறார் (லூக். 1:48). 1521-இல் இப்பாட்டுக்கு விளக்கம் எழுதிய லுத்தர், இத்தாழ்மை மரியாள் பெருமை பாராட்டும் ஒரு நற்குணமன்று, உலகம் ஒரு பொருட்டாய் எண்ணாத அவரது எளிய நிலையே என்று நிறுவினார். பரிசுத்தர் தங்குவதற்குப் பாத்திரம் முன்னதாகவே பழுதற்றிருக்கவேண்டும் என்று சொல்வோமாயின், கிருபை தகுதியைத் தேடி வருவதாக ஆகிவிடும். தகுதியையும் கிருபையே தந்தது என்றாலும், அந்த ஒழுங்கு மாறுவதில்லை. சிதம்பரத்துச் செவிக்கு இது பழகிய ஒழுங்கே: மலபரிபாகம் எய்திய உயிரிடத்தே சத்திநிபாதம் நிகழும். சுவிசேஷத்தின் ஒழுங்கோ வேறு. நாம் பாவிகளாயிருக்கையிலே கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார் பவுல் (ரோமர் 5:8). மத்தேயு எழுதும் வம்சவரலாற்றில் தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்னும் பெண்களுக்குப் பின்னரே மரியாளின் பெயர் வருகிறது. அவ்வரிசையிலிருந்து அவரைப் பிரித்தெடுக்கும் எக்கொள்கையும், அவரை உயர்த்துவதாய் எண்ணி, அவர் பெற்ற சுவிசேஷத்தைக் குறைத்துவிடுகிறது. தேவனை ‘என் இரட்சகர்’ என்று அழைத்தவர் அவர் (லூக். 1:47). அச்சொல்லை நாம் பாடும் பொருளிலேயே அவரும் பாடினார் என்பதே நம் அறிக்கை.

5. நம் மௌனம்

இவ்வளவும் கூறியபின், நம் சபைகள் மரியாளைக் குறித்துச் சாதிக்கும் மௌனத்தையும் கூறாது விடலாகாது. மரியாளை ‘இறைவனின் தாய்’ என்று அழைப்பது தகும் என்பது 1577-ஆம் ஆண்டின் இணக்க வாசகத்தில் உள்ள லுத்தரன் அறிக்கை. நம்மிடையே அவர் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தோன்றி, மறுநாளே மறைந்துவிடுகிறார்.

அந்த மறுநாள், 2004 டிசம்பர் 26, கடலூர்க் கரைக்கு எப்படி விடிந்தது என்பதை ஊழியர் மறக்கலாகாது. ஆழிப்பேரலையில் அம்மாவட்டத்தில் மாத்திரம் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிள்ளையை இழந்த தாய்க்கு நாம் எந்த மரியாளைக் காட்டுவோம்? அமல அரசி அவளுக்கு வெகுதொலைவில் இருப்பார். ஆத்துமாவைப் பட்டயம் உருவிப்போகும் என்று முன்னறிவிக்கப்பட்டு (லூக். 2:35), சிலுவையருகே நின்ற தாயோ அவளருகே நிற்பார். கத்தோலிக்க மக்கள் வியாகுல மாதாவிடம் செல்வது இதனாலேயே. அவர்கள் பக்தி அவர்கள் வரையறையினும் சுவிசேஷத்துக்கு நெருங்கியிருக்கும் இடம் இது. அத்தாயைப் பற்றி நாம் பிரசங்கிக்கவில்லையாயின், நம் மக்கள் வேறிடத்தில் அவரைத் தேடிச் செல்வதைக் குறைகூற நமக்கு வாயில்லை.

ஆதலால் மாணவர்களும் போதகர்களும் கொள்கையை அதன் சொந்த வரையறையில் கற்கக்கடவர். இரு சபைக் குடும்பங்களின் திருமணத்திலும் அடக்க ஆராதனையிலும் மரியாளைப் பழித்துப் பேசுவதை விட்டொழிக்கக்கடவர். தூதன் மரியாளுக்கு அறிவித்த நாளாகிய மார்ச் 25-ஐ நம் நாட்காட்டி தாங்கியிருக்கிறது. அந்நாளில் லூக்கா முதலாம் அதிகாரத்தைத் திறந்து பிரசங்கிக்கக்கடவர். கத்தோலிக்க நண்பர்களிடம் நாம் கேட்கத்தக்கது ஒன்றே: காக்கப்பட்டார் என்னும் வினையையும், காத்தவர் பெயரையும் மறைக்காத ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடித் தாருங்கள். நமக்கோ தூதன் தந்த பெயரே போதும். கிருபை பெற்றவள் என்பதில் மரியாளின் தூய்மை முழுவதும் அடங்கும். நம் நம்பிக்கை முழுவதும் அதிலேயே அடங்கும்.