மடிக்கணினி ஏறிய மேடை: கிராஃப்ட்வெர்க் குழுவின் நிகழ்த்துமுறை மாற்றம்

மின்னணு இசையரங்குகளில் மடிக்கணினி இடம்பெறத் தொடங்கியபோது எழுந்த முதன்மையான குற்றச்சாட்டு, மேடையில் இருப்பவர் இசைக்கிறாரா, மின்னஞ்சல் பார்க்கிறாரா என்று அவையோரால் அறிய இயலவில்லை என்பதாகும். அதற்கு முந்தைய கருவிகள் இசைப்பவரின் செயலை வெளிப்படையாகக் காட்டின என்னும் எடுகோளே இதன் அடிப்படை. ஜெர்மனியின் டுசெல்டோர்ஃப் நகரில் தோன்றிய கிராஃப்ட்வெர்க் குழுவின் மேடை வரலாறு இவ்வெடுகோளை ஐயத்திற்கு உரியதாக்குகிறது.

'கம்ப்யூட்டர் வேர்ல்டு' இசைத்தொகுப்பை ஒட்டிய 1981ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில், இக்குழு கிளிங் கிளாங் என்னும் தனது ஒலிக்கூடத்தையே மேடைக்குப் பெயர்த்துக்கொண்டு வந்தது. நால்வருக்குப் பின்னே கருவித் தொகுதிகள் சுவர்போல் நின்றன. 2002 முதல் அச்சுவர் மறைந்து, ஆளுக்கொரு மடிக்கணினி வரிசையாக அமைந்தது. எனினும் 1981இலும் மீள்மீள ஒலிக்கும் தாளத்தையும் அடிநாதத்தையும் பெரிதும் இயக்கியவை வரிசைப்படுத்திகளே (சீக்வென்சர்). கருவிச்சுவர் காட்டியது செயலை அன்று, பருமையை.

அப்பயணத்தில் செயல் உண்மையாகவே கண்ணுக்குத் தெரிந்த இடம் 'பாக்கெட் கால்குலேட்டர்' பாடலாகும். குழுவினர் கையடக்கக் கருவிகளுடன் மேடை விளிம்புக்கு வந்து, அவையோரையே பொத்தான்களை அழுத்தச் செய்தனர். அரங்கிலிருந்தவற்றுள் மிகச் சிறிய கருவிகளே இசைப்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான தொலைவைக் குறைத்தன என்பது கருதத்தக்கது. ஆகவே 2002க்குப் பிந்தைய அரங்கமைப்பின் குறையை மடிக்கணினியின் மேல் ஏற்றுவது பொருந்தாது. மேசைக்குப் பின்னால் ஏறக்குறைய அசையாது நிற்பது என்பது குழுவினர் தாமே மேற்கொண்ட தேர்வு. ரால்ஃப் ஹூட்டர் நேரடியாகப் பாடுகிறார், விசைப்பலகை வாசிக்கிறார். ஆனால் அவருடைய விரல்களை மேசையின் முகப்பு மறைத்துவிடுகிறது.

தொழில்நுட்ப நோக்கில் ஒலித்தாமதம் பற்றிய அச்சம் மிகைப்பட்டது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் வீதத்தில் 128 மாதிரி கொண்ட இடையகம் ஏறத்தாழ 2.9 மில்லிநொடியே தாமதிக்கும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கும் நேரம் அது. பிற படிநிலைகள் சில மில்லிநொடிகளைக் கூட்டினும், மேடையின் மறுமுனையிலுள்ள ஒலிபெருக்கியைக் கேட்டு வாசிப்பவர் இதனினும் மிகுந்த தாமதத்திற்குப் பழகியவரே. மெய்யான இழப்பு வேறு. 19 அங்குல ரேக்கில் அடுக்கிய கருவிகளுள் ஒன்று பழுதுற்றால் ஏனையவை ஒலிக்கும்; எல்லாவற்றையும் ஏற்ற ஒரே கணினி நின்றால் அரங்கே ஊமையாகும். இரண்டாவது கணினியை ஆயத்தமாக வைத்திருக்கும் வழக்கம் இதனால் வந்தது. எடைக்குறைவு என்னும் ஆதாயத்தில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துவிடுகிறது.

'தி ரோபாட்ஸ்' பாடலின்போது நால்வரும் மேடையை விட்டகல, அவர்களுடைய உருவில் அமைந்த பொம்மைகள் அசைகின்றன. இசை தடையின்றித் தொடர்கிறது. கருவிச்சுவர் இருந்த 1991ஆம் ஆண்டுப் பயணத்திலேயே இக்காட்சி இடம்பெற்றுவிட்டது.