சிமெண்டு சாக்கும் சின்ன அடுப்பும்

மீன்சுருட்டி முக்கூட்டில் நின்றால் சிதம்பரம் போகலாம், கும்பகோணம் போகலாம், ஜெயங்கொண்டம் வழியாக மேற்கேயும் போகலாம். பாதயாத்திரை போகிறவர்களை வேடிக்கை பார்க்க இந்தப் பக்கத்தில் இதைவிட வாகான இடம் கிடையாது. பெரிய குழு என்றால் பின்னாலேயே குட்டியானை வண்டி அரிசி மூட்டையும் சிலிண்டருமாக வந்துவிடும். அவர்களைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, கையளவு கேஸ் அடுப்பையும் காற்று மறைக்கும் தகட்டையும் தோளிலேயே சுமந்து நடக்கிறவர்கள் உண்டு. அவர்கள் அதை எதில் போட்டுச் சுமக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

பெரும்பாலும் சிமெண்டு சாக்கில். அரியலூர் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஒரு காலத்தில் கடல் கிடந்த பூமி இது. கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பி அரசின் டான்செம், ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக் என்று ஆலைகள் வந்தன. ஆலைகள் அனுப்பிய சாக்கு, வீடு கட்டி முடிந்த இடங்களில் எல்லாம் காலியாகக் கிடக்கிறது. அதை உதறி, உள்வெளியாகத் திருப்பி, இரண்டு தண்ணீரில் அலசி, பாதியாக வெட்டி, கோணி ஊசியும் நைலான் நூலும் கொண்டு மூன்று பக்கம் தைத்து, வாயில் ஒரு நாடா கோத்தால் உறை தயார். அலசுவதில் சோம்பல் கூடாது. மிச்சமிருக்கும் சிமெண்டுத் தூள் கையை அரிக்கும், ஈரம் பட்டால் தையலிலேயே இறுகிக்கொள்ளும்.

இதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஐம்பது கிலோ சுமக்க நெய்த முழுச் சாக்கே நூறு கிராமுக்குள் அடங்கும். பாதியில் தைத்த உறை தோளுக்குத் தெரியவே தெரியாது. காசு செலவில்லை. இருட்டில் கீழே போட்டாலும் வெள்ளையாகக் கண்ணில் படும். விரித்துப் போட்டால் வெங்காயம் நறுக்க இடமாகும். கடையில் இதற்கென்று விற்கும் பைகளில் பல இத்தனை இழுப்பைத் தாங்காது.

குறை எங்கே இருக்கிறது என்பதைத் தைக்கிறவர்களின் ஒரு கைப்பழக்கமே காட்டிக் கொடுத்துவிடுகிறது. வெட்டிய ஓரம் நாடா நாடாவாகப் பிரியும் என்று, கொளுத்திய ஊதுபத்தியை அதன்மேல் மெல்ல இழுப்பார்கள். இழை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அழகான வேலைதான். ஆனால் ஊதுபத்தி நுனிக்கே உருகுகிற துணிக்குள் வைக்கப்போவது அடுப்பு! சாக்கு நெய்யும் பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். அணைத்த அடுப்பின் பர்னர் அதைவிடச் சூடாக இருக்கும்.

சாவகாசமாக ஆறவிட்டு எடுத்துவைத்தால் ஒன்றுமில்லைதான். நடக்கிறவர்களிடம் சாவகாசம் எங்கே இருக்கிறது? வெயில் ஏறுவதற்குள் அடுத்த ஊர் சேர வேண்டும். டீ குடித்த டம்ளர் ஈரம் காய்வதற்குள் குழு எழுந்துவிடும். ஒரு சித்திரை விடியலில் நானும் அப்படித்தான் எழுந்தேன். கங்கைகொண்ட சோழபுரம் தாண்டி அடுத்த டீக்கு உறையைத் திறந்தபோது, பர்னரின் கம்பிக்காலில் சாக்கு சுட்ட அப்பளம்போல் ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்தும் அன்றைய டீ முழுக்க பிளாஸ்டிக் வாடை. கூட வந்த பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “தம்பி, இது அம்மனுக்கே ஆகாதுய்யா” என்று கீழே ஊற்றினார்.

வெயிலிலும் இந்தச் சாக்கு நிலைக்காது. மொட்டைமாடியில் சில மாதம் கிடந்த சாக்கைத் தொட்டால் தூளாக உதிர்வதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது பெரிய குறையில்லை, இன்னொன்று தைத்துக்கொள்ளலாம்.

காற்று மறைப்பின் கதை வேறு. பழைய பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த தகரம் நன்றாக மறைக்கும். ஆனால் வெட்டிய விளிம்பு சாக்கைக் கிழிக்கும், கையையும் விடாது. விளிம்பை மடித்துத் தட்டாமல் யாரும் அதை உறைக்குள் போடக்கூடாது. மெல்லிய அலுமினியத் தகடு இலேசு. அதைச் சுருட்டி வைத்தால் சுருள் நினைவு போகாது, ஆடிக்காற்றில் நிமிர்த்தி நிறுத்தப் போராட வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பிலேயே நாளாக நாளாக வெடிக்கும். இதற்கு ஒரு வீட்டுக்காரம்மா கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. போன வருஷத்துத் தினசரி காலண்டர் அட்டை இரண்டு, நடுவில் தகடு, மேலே ரப்பர் பேண்ட். தகடு நெளியாது, விளிம்பு குத்தாது, எடையும் இல்லை. மழையில் நனைந்தால் அட்டை கூழாகிவிடும் என்பது மட்டும்தான் கோளாறு.

அந்த அட்டை அளவுக்குத் தகட்டை மூன்று பலகையாக வெட்டி, ஓரங்களைக் கம்பி வளையத்தால் கோத்துக்கொள்வார்கள். ஆகவே அது அடுப்பை மூன்று பக்கம்தான் மறைக்கும், ஒரு பக்கம் திறந்தே இருக்கும். வைப்பதற்கு வசதி பார்த்ததில் தற்செயலாக அமைந்த நன்மை இது. கேஸ் குப்பியின் தலையிலேயே பர்னர் உட்காரும் அடுப்பை நாலு பக்கமும் சுற்றி மூடினால் குப்பி காய்ந்து வெடிக்கும் அபாயம் உண்டு. சுருட்டி வைக்கும் வட்டத் தகடோ முழுக்கச் சுற்றிவைக்கத்தான் கையைத் தூண்டும்.

மறைப்பையே உறையாக்கிய வழியும் உண்டு. 1892-இல் ஸ்வீடனில் பிறந்த பிரைமஸ் பம்பு ஸ்டவ் நம் வீடுகள் வரை வந்தது. அதே நாட்டின் டிராஞ்சியா நிறுவனம் 1951-இல் கொண்டுவந்த புயல் அடுப்பில் காற்று மறைப்புதான் அடுப்பின் உடம்பு. பாத்திரம், பர்னர் எல்லாம் அதற்குள்ளேயே ஒன்றினுள் ஒன்றாக அடங்கும். தனியாக உறை என்ற பேச்சே எழாது. நம் ஊரில் சைக்கிளில் டீ விற்பவரும் தள்ளுவண்டிக்காரரும் யாரும் சொல்லித்தராமல் இதைச் செய்கிறார்கள்: அடுப்பைச் சுற்றியிருக்கும் டின்தான் கடை மூடியதும் அடுப்புக்குப் பெட்டி. ஆனால் முழு டின் கிட்டத்தட்ட ஒரு கிலோ. சக்கரத்தில் போகிறவருக்கு அது பாரமில்லை, தோளில் சுமப்பவருக்கு முடியாது.

ஆகவே சாக்கு உறையை நான் தள்ளிவிடச் சொல்லவில்லை. அடுப்புக்கும் சாக்குக்கும் நடுவில் ஒரு உலோகம் வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் புதிதாக எதையும் சுமக்க வேண்டாம். டீ போட்ட பாத்திரம் எப்படியும் கூட வருகிறது. பர்னரை ஒரு துணியில் சுற்றி அதற்குள் வைத்து மூடினால் சாக்குக்குச் சூடு தட்டாது. துணி பருத்தியாக இருக்கட்டும். கேஸ் குப்பியைக் கழற்றித் தனியாக வைக்க வேண்டும்.

இன்னொரு குறையைத் தையல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தீர்க்க முடியாது. மெத்தென்ற சாக்குப் பைக்குள் போனால் அடுப்பு துணிமூட்டைபோல் ஆகிவிடுகிறது. நடந்து போனவர்கள் திரும்பும்போது அந்த மூட்டையோடே ரயில் ஏறுகிறார்கள், உள்ளே அடுப்பு இருப்பது யார் கண்ணிலும் படாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த கேஸ் சிலிண்டரில் அடுப்பு பற்றவைத்ததுதான் காரணம். கேஸைத் தவிர்த்து ஸ்பிரிட் அடுப்புக்கு மாறலாமே என்று மலையேறும் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். குளிர்பான டின்னில் அந்த அடுப்பைச் செய்துகொள்ளலாம், இலேசும்கூட. ஆனால் அதில் ஊற்றுவதற்கான மெத்தனாலைத் தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. அது குடிப்பவன் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்ததே போதும். காப்புக்காட்டுக்குள்ளோ தீ மூட்டவே அனுமதி இல்லை.

சாலையோர நடைக்கு மட்டும் இந்த அடுப்பும் இந்த உறையும் சரி. ஊருக்கு ரயிலில் திரும்புவதாக இருந்தால் மறைப்பையும் பாத்திரத்தையும் சாக்கில் போட்டுக்கொள்ளுங்கள். அடுப்பையும் குப்பியையும் சாலை வழியாகத் திரும்பும் குழு வண்டியில் கொடுத்தனுப்பிவிடுங்கள்.