அதிர்ஷ்டம் என்று ஒதுக்கப்படும் ரன்கள்

1999இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் பிட்ச்சர் பெட்ரோ மார்டினெஸ் 313 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். கொடுத்த ஹோம்ரன் ஒன்பதுதான். அடுத்த ஆண்டு ஸ்ட்ரைக்அவுட் 284ஆகக் குறைந்தது, ஹோம்ரன் 17ஆக ஏறியது. ஆனாலும் அவருடைய இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்ச்சரின் கணக்கில் ஏறும் ரன், 2.07இலிருந்து 1.74ஆக இறங்கியது. மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழுந்த பந்துகளே இதற்கு முக்கியக் காரணம். முதல் ஆண்டில் அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஹிட் ஆனது. இரண்டாம் ஆண்டில் நான்கில் ஒன்றுகூட ஆகவில்லை.

அப்படி உள்ளே விழும் பந்து ஹிட் ஆவதைத் தடுப்பதில் பிட்ச்சருக்குப் பிட்ச்சர் பெரிய வேறுபாடு இல்லை என்று 2001இல் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் எழுதினார். ஸ்லிப்பில் நழுவிய கேட்ச் பந்துவீச்சாளரின் சராசரியைக் கெடுப்பதைக் கிரிக்கெட்டில் பார்த்துப் பழகிய நமக்கு அந்த வாதம் எளிதில் பிடிபடும். டாம் டாங்கோ உருவாக்கிய ‘ஃபிப்’ என்ற அளவீடு அதிலிருந்து கிளைத்தது. ஃபீல்டர்களின் கை படாதவற்றை மட்டுமே அது எண்ணும். ஹோம்ரனை 13ஆலும், வாக்கையும் (நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் இலவச முதல் தளம்) உடலில் பட்ட பந்தையும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி, ஸ்ட்ரைக்அவுட்டை 2ஆல் பெருக்கிக் கழித்து, இன்னிங்ஸால் வகுத்து, இ.ஆர்.ஏ. அளவுக்கு வர ஒரு மாறிலியைச் சேர்க்கும். ‘எக்ஸ்ஃபிப்’ இன்னும் ஒரு படி மேலே போய், உயரே அடிக்கப்பட்ட பந்துகளில் லீக் சராசரிப்படி எத்தனை ஹோம்ரன் ஆகியிருக்குமோ அதையே கணக்கில் வைக்கும்.

ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுபவர்களுக்கு இது பெரிய கருவியானது. சீசனுக்கு முன் டிராஃப்டில் வீரர்களை எடுத்து, அவர்கள் நிஜ ஆட்டங்களில் சேர்க்கும் வெற்றி, சேவ், ஸ்ட்ரைக்அவுட், இ.ஆர்.ஏ. முதலியவற்றைத் தம் அணிக்குப் புள்ளியாக்குவதுதான் ஆட்டம். இ.ஆர்.ஏ. மோசமாகவும் ஃபிப் நன்றாகவும் இருக்கிற பிட்ச்சரை மலிவில் எடு, நேர்மாறானவரை விட்டுவிடு என்பது இன்று பாலபாடம். பாடம் பெருமளவு சரியானதே. ஸ்ட்ரைக்அவுட், வாக் விகிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு நிலையாக வருகின்றன, இ.ஆர்.ஏ. அப்படி வருவதில்லை. வெற்றிக் கணக்கோ இன்னும் மோசம். 2018இல் ஜேகப் டிகிராம் 1.70 என்ற இ.ஆர்.ஏ.வை வைத்துக்கொண்டு வென்றது பத்து, தோற்றது ஒன்பது.

ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி முழுவதையும் அதிர்ஷ்டம் என்று பெயரிட்டு மூடிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் மேட் கெய்னுக்கு 2009 முதல் 2012 வரை இ.ஆர்.ஏ. 2.89, 3.14, 2.88, 2.79. அந்த நான்கு ஆண்டுகளிலும் எக்ஸ்ஃபிப் மூன்றரைக்கு மேலேயே நின்று, அவர் சரியப்போகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2013இல் இ.ஆர்.ஏ. 4.00 ஆனதும் கணக்கு வென்றதாகச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். நான்கு ஆண்டுகள் அவரைத் தவிர்த்தவர்கள் இழந்ததை அது ஈடுகட்டாது. எதிர்த் திசையில் ரிக்கி நொலாஸ்கோ இருக்கிறார். 2009இல் 195 ஸ்ட்ரைக்அவுட்டுக்கு 44 வாக்தான், இ.ஆர்.ஏ. 5.06, ஃபிப் 3.35. மீண்டுவிடுவார் என்று நம்பி எடுத்தவர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டுகளும் நாலரையை ஒட்டியே கிடைத்தன.

இந்த முறையின் பலமும் பலவீனமும் ஒரே ஆளிடம் தெரிய வேண்டுமானால் கார்பின் பர்ன்ஸைப் பார்க்க வேண்டும். 2019இல் மில்வாக்கியில் 49 இன்னிங்ஸில் 17 ஹோம்ரன் கொடுத்தார், இ.ஆர்.ஏ. 8.82. ஆனால் ஸ்ட்ரைக்அவுட் 70. எக்ஸ்ஃபிப் அவரை நல்ல பிட்ச்சர் என்றது. 2020இல் இ.ஆர்.ஏ. 2.11, 2021இல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. அவரை எடுக்கச் சொன்ன எண் சரி, அது சொன்ன காரணம் தவறு. அந்த ஹோம்ரன்கள் வெறும் துரதிர்ஷ்டம் அல்ல. அவருடைய ஃபோர்-சீம் ஃபாஸ்ட்பால் அடிவாங்கிக்கொண்டிருந்தது. அதைக் கைவிட்டு கட்டர், சிங்கர் என்ற வேறு வகைப் பந்துகளை நம்பத் தொடங்கிய பிறகே அவர் மாறினார். அதே பந்தைத் தொடர்ந்து வீசியிருந்தால் எக்ஸ்ஃபிப் இன்னும் பல ஆண்டுகள் நம்பிக்கை மட்டுமே தந்திருக்கும். இடைவெளியைப் பார்த்ததும் விலை குறைவென்று பாய்வதைவிட, அது எந்தப் பந்தால் வந்தது என்று தேடுவதே வேலை. பந்துகளின் அசைவை அளக்கும் ஸ்டாட்காஸ்ட் 2015இல் எல்லா மைதானங்களுக்கும் வந்த பிறகு அந்தத் தேடலுக்கு வழியும் இருக்கிறது.

மலிவு என்பதும் இப்போது பெரும்பாலும் கற்பனை. உங்கள் லீக்கில் இருக்கிற எல்லோரும் அதே பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். ஃபிப் நன்றாக இருப்பவரின் விலை டிராஃப்டுக்கு முன்பே ஏறிவிடுகிறது. மேலும் லீக் புள்ளி தருவது இ.ஆர்.ஏ.வுக்கு. பின்னால் நிற்கும் ஃபீல்டர்களும் மைதானமும் பிட்ச்சரின் தகுதியில் சேராமல் இருக்கலாம். நீங்கள் வாங்கும் ரன்னில் அவை சேர்கின்றன.

உடம்பைப் பற்றி இந்த எண்கள் எதுவும் பேசுவதில்லை. 2021இல் டிகிராமின் இ.ஆர்.ஏ. 1.08, ஆனால் வீசியது 92 இன்னிங்ஸ். அடுத்த இரண்டு சீசன்களிலும் சேர்த்து அவர் தொடங்கிய ஆட்டங்கள் 17. மூன்று ஆண்டுகளிலும் ஃபிப் அவரை உச்சியில்தான் வைத்திருந்தது. டிராஃப்டுக்கு உட்காரும் முன் ஸ்ட்ரைக்அவுட்டையும் வாக்கையும் முதலில் பாருங்கள். பிறகு வீசும் பந்துகளை, அதன்பின் கடந்த மூன்று ஆண்டு இன்னிங்ஸை. ஃபிப்பைக் கடைசியில் பார்த்தால் போதும்.