நல்ல பூசணம் மட்டும் போதுமா?

வேர் நோய்களை அடக்கும் டிரைக்கோடெர்மா என்னும் மண் பூசணத்தைப் பற்றிப் பல கட்டுரைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். நல்ல பூசணம் தீய பூசணத்தைக் கொன்றுவிடும்; ஆகவே அதன் தூளை வாங்கிப் பழ மரத்தடியில் போட்டால் நோய் ஒழியும் என்பதே அவற்றுள் பலவற்றின் சாரம். முதற் பாதி உண்மை. பிற்பாதிதான் இடிக்கிறது.

டிரைக்கோடெர்மாவின் இழைகள் ரைசோக்டோனியா என்னும் நோய்ப் பூசணத்தின் இழைகளைச் சுற்றி வளைத்து அழிப்பதைக் கலிபோர்னியாவில் வைண்ட்லிங் 1932இல் எடுத்துக் காட்டினார். ஆனால் எலுமிச்சை இன நாற்றுகளை அழுகலிலிருந்து காக்க அவரும் ஃபாசெட்டும் 1936இல் வெளியிட்ட வழியைப் பாருங்கள். மண்ணின் அமிலத் தன்மையை உயர்த்தினார்கள். அந்த மண்ணில் டிரைக்கோடெர்மா தழைத்தது.

இதைவிட வியப்பானது பிளிஸ் 1951இல் வெளியிட்ட ஆய்வு. ஆர்மில்லேரியா என்னும் பூசணம் எலுமிச்சை இன மரங்களின் வேரை அழுகச் செய்வது. மரம் பட்ட பின்னும் மண்ணில் கிடக்கும் வேர்த்துண்டுகளுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதைக் கொல்லத் தோட்டக்காரர்கள் கார்பன் டைசல்பைடு என்னும் நச்சுத் திரவத்தை மண்ணுக்குள் செலுத்தி வந்தார்கள். அதன் ஆவியே கொல்கிறது என்று நம்பினார்கள். நுண்ணுயிர் நீக்கிய மண்ணில் பிளிஸ் அதே ஆவியைச் செலுத்தியபோது ஆர்மில்லேரியா பிழைத்துக்கொண்டது! இயற்கை மண்ணிலோ ஆவிக்குத் தப்பிய டிரைக்கோடெர்மா பெருகி, நலிந்து கிடந்த எதிரியைக் கொன்றது.

அப்படியானால், ஆவி படாத மண்ணிலும் டிரைக்கோடெர்மா இருந்ததே, அங்கே ஏன் கொல்லவில்லை? ஆர்மில்லேரியா தானும் ஓர் எதிர்ப்பொருளைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்கிறது. மெத்தில் புரோமைடு ஆவி பட்டால் அந்தச் சுரப்பு குன்றுவதை ஓரும் மன்னெக்கும் 1974இல் கண்டார்கள். (ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் அந்த வாயு பின்னர் உலகெங்கும் கட்டுப்படுத்தப்பட்டது, அதை நான் பரிந்துரைப்பதாக எண்ண வேண்டாம்.)

ஆய்வுக்கூடத் தட்டில் கிடைத்த வெற்றியை வளர்ந்த மரத்துக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. தட்டில் போட்டிக்கு வேறு உயிர் இல்லை. ஈரமும் உணவும் குறைவில்லை. தோட்ட மண்ணில் உணவில்லாத டிரைக்கோடெர்மா எதைக் கொண்டு பெருகும்? கார்பன்டசிம் போன்ற பூசணக்கொல்லி ஊற்றிய இடத்திலேயே இதையும் போட்டால் முதலில் மடிவது இதுவாகவும் இருக்கலாம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எக்டேருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ தொழு உரத்துடன் கலந்து மண்ணில் இடச் சொல்கிறது. கட்டுரை எழுதுவோர் பலர் 2.5ஐ மறவாமல் எழுதிவிட்டு 50ஐ விட்டுவிடுகிறார்கள்.