நூல்களின் கைமாற்று

நூலகங்கள் தமக்குள் நூல்களை இரவல் கொடுத்து வாங்கும் வழக்கத்தை மேனாட்டார் கற்பித்த புதுமை என்று கருதுவோர் உளர். அச்சு பரவுமுன்னரே மடங்களும் புலவர் இல்லங்களும் சுவடிகளைக் கைமாற்றி வந்தன. 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும், அதே ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் பதிப்பித்தபோது, பல ஊர் ஏடுகள் ஓரிடத்தில் கூடின. ஆனால் ஏடு யாருக்குக் கிடைத்தது? கற்றோருக்கும், மடத்தில் செல்வாக்குற்றோருக்குமே. அக்கைமாற்று அறிமுகத்தால் வந்தது, உரிமையால் வந்ததன்று.

இருபதாம் நூற்றாண்டு இதனை மாற்றிற்று. நூல்கள் பயன்படுவதற்கே உரியவை என்பதை எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலின் முதல் விதியாக வகுத்தார். வாசகன் தன் நூலகத்திடம் கேட்பான். அந்நூலகம் பிணை நின்று மற்றொரு நூலகத்திடம் பெற்றுத் தரும். தனிமனிதச் செல்வாக்கின் இடத்தில் நிறுவனப் பொறுப்பு வந்தது. இது மெய்யான முன்னேற்றமே. பின்னர் நூலுக்குப் பதிலாக அதன் நிழற்படி பயணஞ் செய்தது. இன்று மின்படி செல்கின்றது.

ஆயினும், பிணை நிற்க ஒரு நூலகமும் இல்லாதவன் என் செய்வான்? 1893-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் அம்பிட்டியவில் நிறுவிய குருமடம், 1955-இல் கடல் கடந்து பூனாவுக்குச் சென்றது. ஒரு கல்விக்கூடமே கடல் கடந்த இவ்வூரிலிருந்து, 1952-இல் பேராதனைக்கு வந்தமர்ந்த பல்கலைக்கழகம் தொலைவில் இல்லை. எனினும் அதன் நூலொன்று தோட்டத் தொழிலாளியின் மகனுடைய கையை அடைவது, கடல் கடப்பதினும் அரிது. இடையே நிற்பது மலையன்று. உறுப்புரிமை என்னும் வேலி.

"கைப்பேசியில் எல்லாம் கிடைக்கின்றனவே" என்பர் சிலர். 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரியூட்டப்பட்ட பின், ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதன் ஆபத்தை நாம் அறிந்தோம். 2005-இல் தோன்றிய நூலகம் என்னும் மின்னூலகத்தின் தொண்டு போற்றுதற்குரியது. ஆயின் 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டம், ஆசிரியர் மறைந்தபின்னும் எழுபதாண்டு பதிப்புரிமையைக் காக்கின்றது. 1984-இல் மறைந்த மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்துக்கள் 2054 வரை அவ்வரம்புக்குள் நிற்கும். இசைவு கிடைக்காதவிடத்து, மலையகத்தைப் பாடியவரை மலையகச் சிறுவன் படிக்க அச்சுப் பிரதியே வழி.

ஆதலின் நாம் வேண்டுவது புதிய கருவியன்று, பிணை. தோட்டப் பாடசாலை நூலகம் எத்துணைச் சிறியதாயினும், பொதுநூலகமும் பல்கலைக்கழகமும் அதனைத் தம் சங்கிலியின் ஒரு கண்ணியாக ஏற்க வேண்டும். ஆசிரியரின் கையொப்பம் அங்கே செல்லுபடியாக வேண்டும். கைமாற்று என்பது வட்டியின்றித் தருவது. அதனைக் கேட்பவனிடம் அந்தஸ்தை ஈடாகக் கேட்பது எவ்வகையில் நியாயம்?